பழைய மேசைக் கணினியை வீட்டு டிவியோடு இணைப்பது: ஒரு கேள்வியும் என் தொடர் குறிப்புகளும்

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2024

அலுவலகத்தில் கழித்துவிட்ட, இன்டெலின் 4ஆம் தலைமுறை ஐ3 பிராசசர் கொண்ட கணினி ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. 8 ஜிபி ராம், டிவிடி டிரைவ், விண்டோஸ் 10. எச்டிஎம்ஐ கேபிள் போட்டு இதை 43 அங்குல டிவியோடு இணைத்துவிட்டால் செட்டாப் பாக்ஸ், டிவி ஸ்டிக், டிவிடி பிளேயர் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். செய்து பார்த்தவர்கள் யாரேனும் உண்டா?

3 மார்ச் 2024, இரவு 10.40

உங்கள் மைத்துனர் சொல்வது சரி. திருச்சியில் என் வீட்டுக் கூடத்தில் ஏறக்குறைய இதே கணினிதான் மூன்று வாரங்களாக டிவிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. இணைப்பதற்கு ஒரு கேபிள், ஆட்டி வைப்பதற்கு ஒரு கம்பியில்லா விசைப்பலகை, படங்களை அடுக்கிக் காட்டுவதற்குக் கோடி என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான் தேவைப்பட்டது.

இந்த ஆசை புதியதன்று. ரிமோட்டால் இயக்கும்படி பெரிய எழுத்துகளுடன் விண்டோஸ் எக்ஸ்பியின் மீடியா சென்டர் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2002இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு, அந்நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியின் பூட்டை உடைத்து அதில் படம் ஓட்டுவதற்காக ஆர்வலர்கள் சிலர் எழுதத் தொடங்கிய நிரலே பின்னர் எக்ஸ்பிஎம்சி ஆகி, 2014இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. மைக்ரோசாஃப்டோ விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரைக் கைவிட்டுவிட்டது. பூட்டுடைத்தவர்களின் பிள்ளை பிழைத்துக்கொண்டது.

"கோடி போட்டிருக்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னபோது, "எத்தனை கோடி?" என்று கேட்டார்.

4 மார்ச் 2024

நேற்று எழுத விட்டுப்போனது ஒன்று. முதன்முதலில் இணைத்ததும் திரையின் நான்கு ஓரங்களும் வெட்டப்பட்டு, விண்டோஸின் பணிப்பட்டை பாதி மறைந்திருக்கும். கேபிளில் கோளாறில்லை. குழாய் டிவி காலத்தில் ஓரத்துக் குப்பையை மறைப்பதற்காகப் படத்தைச் சற்றே பெருக்கிக் காட்டும் வழக்கம் இருந்தது. அதைத் தட்டை டிவிகளும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. டிவியின் பட அமைப்பில் "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்" போன்ற பெயர்களில் ஒரு தெரிவு இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளைக்குப் "பிசி" என்று பெயர் சூட்டிய பிறகே படம் முழுதாக வந்தது.

10 மார்ச் 2024

இந்த வாரம் முழுவதும் கறுப்பு நிறத்தோடு போராடினேன். ஓர் இரவுக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, கரண்ட் போயிடுச்சா?" என்றார். திரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்; குரல் மட்டும் வந்தது.

டிவிக்கென்று தயாரிக்கும் படங்களில் கறுப்பின் அளவு 16, வெள்ளையின் அளவு 235. கணினியோ 0 முதல் 255 வரை கணக்கிடும். ஒருபுறம் முழு வீச்சில் அனுப்பி, மறுபுறம் அதைக் குறுகிய வீச்சென்று டிவி எடுத்துக்கொண்டால், 16க்குக் கீழுள்ள அனைத்தும் ஒரே இருட்டாகிவிடும். இதுவே தலைகீழாக நடந்தால் கறுப்பெல்லாம் சாம்பல் பூசியதுபோல் வெளிறும். கிராபிக்ஸ் அமைப்பிலும் டிவியிலும் இரண்டுக்கும் ஒரே வீச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் தீர்வு. ஐந்து நிமிட வேலை. ஆனால் இதுதான் நோய் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாலைகள் ஆயின. அதற்குள் டிவியின் பிரகாசத்தை ஏற்றி, நிறத்தைக் குறைத்து, எல்லாவற்றையும் கெடுத்து வைத்திருந்தேன்.

17 மார்ச் 2024

முதல் குறிப்பில் "உங்கள் மைத்துனர் சொல்வது சரி" என்று எழுதியிருந்தேன். மூன்று வார அனுபவத்தை வைத்துக்கொண்டு அப்படி எழுதியிருக்கக் கூடாது.

அக்காள் பேரனின் காதுகுத்துக்குப் போனவர்கள் கைப்பேசியில் 4கே தெளிவில் எடுத்த காணொளிகளைப் பென் டிரைவில் கொடுத்திருந்தார்கள். அவற்றை ஓடவிட்டதும் கணினியின் மின்விசிறி ஊதத் தொடங்கியது. குழந்தை வாயைத் திறந்தான், மூன்று நொடி கழித்து அழுகை கேட்டது. புதிய கைப்பேசிகள் பல, எச்இவிசி என்ற முறையில் காணொளியைச் சுருக்கிச் சேமிக்கின்றன. அதை விரிப்பதற்கான தனிச் சுற்று இன்டெலின் 4ஆம் தலைமுறையில் கிடையாது. 6ஆம் தலைமுறையில் 8 பிட் வகைக்கும், 7ஆம் தலைமுறையில் 10 பிட் வகைக்கும் அது வந்தது. சுற்று இல்லாதபோது பிராசசரே கைக்கணக்காகப் போட வேண்டியிருக்கிறது, இரண்டு கோர் கொண்ட ஐ3 அதற்குத் தாங்காது.

யூடியூபின் 4கே காணொளிகளுக்கும் இதே கதிதான். இக்கணினி எளிதில் விரிக்கும் எச்264 என்ற பழைய சுருக்கு முறையை மட்டும் கேட்கும்படி உலாவியில் ஒரு நீட்சியைப் போட்டு, 1080 வரிகளோடு நிறுத்திக்கொண்டேன். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: இக்கணினியின் எச்டிஎம்ஐ 1.4 வகை. அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்பாது, எலியின் சுட்டி திரையில் தள்ளாடித் தள்ளாடி நகரும். ஆகவே கணினியை 1080இல் 60 என்று வைத்துவிட்டுப் பெருக்கும் வேலையை டிவியிடம் விடுவதே நல்லது. ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து 43 அங்குலத்தில் பார்க்கும்போது வேறுபாட்டை என் கண் கண்டுபிடிக்கவில்லை.

31 மார்ச் 2024

ரிமோட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். காரணம் எளியது. அந்த விஷயத்தில் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

விசைப்பலகை எனக்குப் போதுமானது. அப்பாவுக்கு அது மடியில் வைத்த பலகாரத் தட்டு. "ஏர் மவுஸ்" எனப்படும், காற்றில் அசைத்தால் சுட்டி நகரும் ரிமோட்டை வாங்கினேன். அம்மா அதை நேராகப் பிடிக்க முயன்று, திரையில் சுட்டி விளக்கு மாடத்துப் பூச்சிபோல் அலைவதைக் கண்டு, இரண்டே நாளில் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கைப்பேசியில் செயலி போட்டுக் கொடுத்தால், யாராவது அழைத்தவுடன் படத்தை நிறுத்த வழியில்லாமல் போகிறது.

டிவியின் சொந்த ரிமோட்டே எச்டிஎம்ஐ கம்பி வழியாகப் பிற கருவிகளை இயக்குவதற்குச் சிஇசி என்ற ஏற்பாடு இருக்கிறது. டிவிடி பிளேயர், டிவி ஸ்டிக், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி முதலியவற்றில் அது உண்டு. மேசைக் கணினிகளின் கிராபிக்ஸ் சுற்றுகளிலோ, சில விதிவிலக்குகளைத் தவிர, அந்தக் கம்பியை இணைப்பதே இல்லை. எச்டிஎம்ஐக்கு நடுவில் மாட்டி யுஎஸ்பி வழியாகக் கணினியோடு பேசும் சிறிய இணைப்பியைத் தனியே வாங்க வேண்டும். பல்ஸ்-எய்ட் நிறுவனத்தின் இணைப்பியை வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வாங்கி வந்தார். பாதி விலைக்கு இன்னொரு கணினியே கிடைக்கும் போலிருந்தது. ஆனால் அது வந்த பிறகே அம்மா முதன்முறையாக யாரையும் கூப்பிடாமல் ஒரு படத்தைப் போட்டார்.

2 ஏப்ரல் 2024

ஏர் மவுஸ் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் அலையை வாங்கும் யுஎஸ்பி குமிழ் வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி 3 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும், ரிமோட்டும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ஓர் அடி நீள யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் குமிழை மாட்டி டிவியின் முன்புறம் கொண்டுவந்தால் சரியாகிவிடும். எனக்குச் சரியாயிற்று.

19 மே 2024

மின்கட்டணம் வந்திருக்கிறது. சென்ற இரண்டு மாதத்துக்கு 468 யூனிட், இம்முறை 541.

அப்பா அட்டையை நீட்டியபோது வெயிலைக் காரணம் சொன்னேன். பிறகு மனசாட்சி உறுத்தியதால், செருகி அளக்கும் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி அளந்தேன். படம் ஓடும்போது சுமார் 55 வாட், சும்மா இருக்கும்போதும் அதைவிட அதிகம் குறையவில்லை. பதிவிறக்கம், படங்களின் அட்டைகளைத் தேடி அடுக்குவது என்று காரணம் காட்டி நான் கணினியை அணைப்பதே இல்லை. ஒரு நாளைக்கு 1.32 யூனிட் என்றால் 60 நாளில் 79 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. பார்க்கும் ஐந்து மணி நேரம் மட்டும் ஓடவிட்டிருந்தால் 16.5 யூனிட்டோடு முடிந்திருக்கும்.

நம் ஊர்க் கணக்கில் இதற்கு இன்னொரு வலியும் உண்டு. 500 யூனிட்டைத் தாண்டியதும் இடையிலிருந்த மலிவான படிநிலை ஒன்று கைவிட்டுப் போய்விடும். தாண்டிய 41 யூனிட்டுக்கு மட்டும் கூடுதலாகக் கட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது கடைசி 41ஐ மட்டும் தொடவில்லை.

22 ஜூன் 2024

இரவு முழுவதும் அணைத்து வைக்கத் தொடங்கினேன், காலையில் தானாக எழுந்துகொள்ளட்டும் என்று கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் "மின்சாரம் வந்ததும் இயங்கு" என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டால் கணினி எழும், அம்மா குனிந்து பொத்தானைத் தேட வேண்டியதில்லை என்பது என் யோசனை.

நேற்று இரவு சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன். இரண்டரை மணிக்கு மின்சாரம் போய், சில நிமிடங்களில் திரும்பி வந்தது. கணினி எழுந்தது. கோடி எழுந்தது. கோடி தொடங்கும்போதே டிவியையும் எழுப்பும்படி சிஇசி இணைப்பியில் நானே அமைத்து வைத்திருந்ததால் டிவியும் எழுந்தது. விட்ட இடத்திலிருந்து பாட்டுத் தொகுப்பைத் தொடரும்படி வைத்திருந்ததும் நான்தான். நள்ளிரவில் இருட்டுக் கூடத்தில் நாதஸ்வரம் ஒலிக்க, அப்பா கைத்தடியோடு வந்து நின்றார். அவருக்குக் காது மந்தம் என்பதால் ஒலியின் அளவை எப்போதும் கூட்டியே வைப்போம்.

இரண்டு அமைப்புகளையும் இன்று காலை நீக்கிவிட்டேன்.

11 ஆகஸ்ட் 2024

மைத்துனரின் பட்டியலில் செட்டாப் பாக்ஸும் இருந்ததே, அதைப் பற்றி எழுதவே இல்லை என்று கேட்டவர் நினைவூட்டியிருக்கிறார்.

ஒரு காலத்தில் அது நடந்தது. 2005இல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு டிவி டியூனர் கார்டு வாங்கினேன். கேபிள்காரர் இழுத்துவிட்ட வயரை அதன் பின்னால் திருகினால் எல்லா அலைவரிசைகளும் கணினியில் வந்தன. பதிவும் செய்யலாம். மணிக்கு இரண்டு ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்ளும், 80 ஜிபி ஹார்டு டிஸ்க்கில் வாரத்தில் மூன்று நாளாவது எதையாவது அழித்தாக வேண்டும். அம்மாவின் தொடரைப் பதிவு செய்துவைத்து, விளம்பரங்களைத் தாண்டிக் காட்டியபோது எனக்கு வீட்டில் இருந்த மதிப்பு பிறகு ஒருபோதும் இருந்ததில்லை.

2012இல் நாட்டில் கேபிளை டிஜிட்டலாக மாற்றும் வேலை தொடங்கியது. அது எங்கள் தெருவுக்கு வந்த நாளில் அந்தக் கார்டு அட்டைக் காகிதமாயிற்று. இப்போது வரும் அலைவரிசைகள் குறியாக்கம் செய்யப்பட்டவை, திறக்கும் சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கணினியில் அந்தச் சாவியைப் போட முறையான வழி எதுவும் நமக்குத் தரப்படவில்லை. தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் சேவையான ஃப்ரீ டிஷ் மட்டும் விதிவிலக்கு. 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கித் தட்டை வைத்து, செயற்கைக்கோள் டியூனரைக் கணினியில் மாட்டி, டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருளைப் போட்டால், குறியாக்கம் இல்லாத அலைவரிசைகள் வரும். பக்கத்துத் தெரு நண்பர் வீட்டு மாடியில் அதைப் பார்த்தேன். அழகாக வேலை செய்தது. ஆனால் அம்மா கேட்கும் தனியார் அலைவரிசைகள் அதில் இல்லை.

ஆக, செட்டாப் பாக்ஸ் எங்கும் போகவில்லை. இதோடு மைத்துனரின் மூன்றில் ஒன்று போயிற்று.

3 நவம்பர் 2024

ஒலிப்பெருக்கியில் "ம்ம்ம்" என்ற முனகல். மழை தொடங்கிய நாளிலிருந்து கூடியது. கணினியின் ஒலிச் சுற்று போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக யுஎஸ்பி ஒலி அட்டை வாங்கியதில் 700 ரூபாய் வீண்.

எதேச்சையாகச் செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் வயரைக் கழற்றினேன், முனகல் நின்றது. மீண்டும் திருகினேன், வந்தது. கேபிள் வயரின் வெளிக்கவசம் தெருக்கம்பத்தின் மின்நிலையோடு வீட்டுக்குள் வருகிறது, எச்டிஎம்ஐ கம்பிகள் வழியாக டிவியையும் கணினியையும் அது ஒன்றாகக் கட்டிவிடுகிறது. கணினியின் எர்த் வேறொரு நிலையில் இருந்தால் இரண்டுக்கும் இடையே மின்சாரம் ஓடும், அதைத்தான் ஒலிப்பெருக்கி நமக்குக் கேட்கத் தருகிறது.

சரி, எர்த்தைப் பார்ப்போம் என்று டெஸ்டரை எடுத்துக் கணினியிலிருந்து வெளியே நீட்டியிருந்த எச்டிஎம்ஐ கம்பியின் உலோக முனையில் வைத்தேன். டெஸ்டருக்குள் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தது. கணினியின் மின்வழங்கியிலுள்ள வடிகட்டி மின்தேக்கிகள், எர்த் இல்லாதபோது கணினியின் உலோகப் பெட்டியை 230 வோல்ட்டில் பாதியான 115 வோல்ட் அளவுக்குத் தூக்கி வைத்துவிடும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்டிஎம்ஐ கம்பியைச் செருகினால் டிவியின் துளையைக் கொன்றுவிட வாய்ப்புண்டு. சுவர்ச் சாக்கெட்டைத் திறந்து பார்த்த மின்பணியாளர் சிரித்தார். எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. வீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது.

முனகலைப் போக்க மூன்றாவது பின்னை வெட்டிவிடுங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த் இழுத்துக்கொள்ளுங்கள்.

12 ஜனவரி 2025

இன்று எழுதுவது கொஞ்சம் வெட்கத்தோடு. பொங்கல் தள்ளுபடியில் ஒரு டிவி ஸ்டிக் வாங்கிவிட்டேன்.

ஓடிடி படங்களைக் கணினியின் உலாவியில் பார்த்து வந்தோம். கட்டணம் 4கேக்குக் கட்டியிருந்தும் ஒரு சேவையில் படம் கழுவிவிட்டதுபோல் மங்கலாகவே வந்தது. இணைய வேகத்தையும் டிவியையும் திட்டிய பிறகுதான் காரணம் விளங்கியது. திருட்டைத் தடுக்கும் வைட்வைன் பூட்டுக்குப் பல நிலைகள் உண்டு. டிவி ஸ்டிக்குகளிலும் பல கைப்பேசிகளிலும் பூட்டு வன்பொருளுக்குள்ளேயே இருக்கும்; அது எல்1. கணினி உலாவிகளில் பெரும்பாலும் மென்பொருள் பூட்டான எல்3தான், அதை நம்பி உயர்ந்த தெளிவைத் தரப் பல சேவைகள் மறுக்கின்றன. என் கையிலிருப்பது எவ்வளவு வலிய கணினி என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை. கட்டைவிரல் அளவுள்ள ஸ்டிக் தருவதை என் இரண்டரை அடிப் பெட்டி தரவில்லை.

இரண்டாவதும் போயிற்று.

26 ஜனவரி 2025

அப்படியானால் கணினியே வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்காக வேண்டும்.

ஸ்டிக்கில் வருவதற்குத் தமிழ் வசன வரிகள் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. காது மந்தமானவருக்கு ஆங்கில வரிகள் ஓடும் காட்டு விலங்குப் படத்தால் பயனில்லை. கணினியில் நாமே வரிகளைச் சேர்க்கலாம். ஓய்வு நாட்களில் நான் ஒரு நாளைக்குப் பத்து நிமிடப் படத்துக்குத் தமிழ் வரிகளைத் தட்டெழுதுகிறேன். இது பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள் அப்பா யானைக் கூட்டத்தைப் பார்த்து வாய்விட்டுப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டதில்லை.

செய்ய விரும்புவோருக்கு: கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். முதல் கோப்பை நோட்பேடில் "ஆன்சி" என்று சேமித்து, நாற்பது நிமிட உழைப்பு முழுவதும் கேள்விக்குறிகளாக மாறியதைப் பார்த்தேன். அடுத்தது எழுத்துரு. என் பழைய கோடிப் பதிப்பில் "கொம்பு" என்று எழுதினால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும், நடுவில் புள்ளி வட்டமுமாக வந்தன. தமிழில் உயிர்மெய்யின் குறி எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் வரும் என்பதை அறிந்து அடுக்கத் தெரிந்த பதிப்பும், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவும் வேண்டும். புதிய பதிப்புக்கு மாறி, எழுத்துருவைக் கோடியின் எழுத்துரு அடைவில் போட்டபின் ஒழுங்காயிற்று. ஒரு வரிக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அப்பா படித்து முடிப்பதற்குள் சிங்கம் போய்விடுகிறது.

படங்களை எங்கே இறக்குவது என்று தனிச்செய்தியில் கேட்பவர்களுக்கு: அதற்கு நான் பதில் தருவதில்லை.

13 ஏப்ரல் 2025

கேமரா பக்கவாட்டில் மெதுவாக நகரும் காட்சிகளில் படம் தத்தித் தத்திப் போகிறது என்று போன ஆண்டு ஒருவர் எழுதியபோது, "கணினி திணறுகிறது" என்று பதில் சொன்னேன். தவறு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள், திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அரைச் சட்டம் காட்ட முடியாதாகையால் ஒரு சட்டத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டுகிறது, அதுதான் அந்தத் தத்தல். படத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் தெரிவு கோடியில் இருக்கிறது, அதைப் போடுங்கள். டிவி 24ஐ ஏற்றுக்கொண்டால் நகர்வு எண்ணெய் விட்டதுபோல் ஆகிவிடும். பல வட்டுகளில் உண்மையான வேகம் 23.976. அதைச் சரியாக 24இல் ஓட்டினால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை ஒரு சட்டம் இரட்டிக்கும். அதைக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு சேர்ந்து படம் பார்க்க மாட்டேன்.

6 ஜூலை 2025

இன்டெலின் என்100 பிராசசர் கொண்ட உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை வாங்கி, கோடிக்கென்றே அமைந்த இயங்குதளமான லிப்ரெஎலெக்கை அதில் போட்டுவிட்டேன். 6 வாட் வகைப் பிராசசர், எச்இவிசியும் அதைவிடப் புதிய ஏவி1 என்ற சுருக்கு முறையும் தனிச் சுற்றிலேயே விரிகின்றன. மீட்டரில் ஒன்பது வாட் காட்டுகிறது. நாள் முழுவதும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 13 யூனிட். காதுகுத்துக் காணொளியில் அழுகை வாயோடு பொருந்துகிறது.

பழைய பெட்டி பரணுக்குப் போயிற்று. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலும் அதோடு பரணுக்குப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

19 அக்டோபர் 2025

விண்டோஸ் 10க்கான ஆதரவு இம்மாதம் 14ஆம் தேதியோடு முடிந்தது. 4ஆம் தலைமுறைக் கணினிக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. எடைக்குப் போடலாம் என்று பரணிலிருந்து இறக்கினேன். தீபாவளிச் சுத்தத்தில் அதே பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவும் கிடைத்தது. உள்ளே அக்காவின் கல்யாண விசிடி, 2001, மூன்று தட்டுகள். வீட்டில் தட்டு ஓட்டும் கருவி வேறு எதுவும் இல்லை. புதிய கணினிக்கு அந்த வாயே கிடையாது.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன், வேகமாகவே ஓடுகிறது. எடைக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.

2 நவம்பர் 2025

எடைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விசிடியின் கோப்பைச் சாதாரணமாக நகலெடுக்க முயன்றால் லினக்ஸ் "படிக்க இயலவில்லை" என்று கைவிரிக்கும். தட்டு கெட்டுவிட்டது என்று பயந்து யாரும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தட்டில் அதிக இடம் கிடைப்பதற்காகப் பிழை திருத்தும் பகுதியை விட்டுவிட்டுக் காணொளியை எழுதும் தனி வகை அது, சாதாரணக் கோப்புபோல் படிக்க வராது. விசிடிஇமேஜர் என்ற மென்பொருள் தொகுப்பிலுள்ள பிரித்தெடுக்கும் கருவியைப் பயன்படுத்தினால் வந்துவிடும். முதல் தட்டு ஒரே மூச்சில் வந்தது. இரண்டாவதை வெறும் பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்து, மூன்று முறை முயன்றேன். மூன்றாவது தட்டின் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. டிரைவ் அதை வாயில் போட்டுக்கொண்டு கடகடவென்று மென்றது, பிறகு துப்பிவிட்டது.

352க்கு 288 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டங்கள். இன்றைய கைப்பேசியின் சிறுபடம் அதைவிடத் தெளிவு. டிவி அதை அகலத்துக்கு இழுத்துக் காட்டியதில் கல்யாண வீட்டிலிருந்த அனைவரும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார்கள். "அப்பவே நான் இவ்வளவு குண்டா?" என்று அத்தை கவலைப்பட்டார். 4க்கு 3 என்ற விகிதத்தை அமைத்ததும் எல்லோரும் இளைத்தார்கள். அப்பா மட்டும் அதே அளவில் இருப்பதாக அம்மா சொன்னார்.

16 நவம்பர் 2025

மூன்றாவது தட்டின் இன்னொரு பிரதி தஞ்சாவூரில் சித்தி வீட்டில் இருந்திருக்கிறது. நேற்று முன்தினம் பேருந்தில் கொடுத்தனுப்பினார்கள். சிராய்ப்பு நிறைய, ஆனால் பழைய பெட்டி பொறுமையாகப் படித்துவிட்டது. மூன்றையும் வரிசையாகக் கோடியில் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலையில் வந்து பார்த்தபோது டிவி அணைந்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கோடியைத் திறந்தேன். மூன்றாவது கோப்புக்கு அருகே, பாதியில் நிறுத்திய படங்களுக்கு வரும் குறி இருந்தது. 41ஆவது நிமிடத்திலிருந்து தொடரவா என்று கேட்டது. தொடரச் சொன்னேன். பந்தி நடந்துகொண்டிருந்தது, தாத்தா சாம்பார் வாளியோடு குனிந்து பரிமாறியபடியே, கேமராக்காரரை நகரச் சொல்லிக் கையை வீசினார்.